திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் போன வாரம் ஒருவர் கேட்டார்: "பெரியம்மா, ஆபீஸ்ல பழைய தமிழ் ஃபைலைத் திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா வருது. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?" கம்ப்யூட்டர் கெடவில்லை. அந்தத் திரையில் தெரிவது தமிழ் எழுத்து கடந்து வந்த முப்பது நாற்பது ஆண்டு வரலாறு. அதைத் தெரிந்துகொண்டால் பழுதை நீக்குவது கால்மணி நேர வேலைதான். தெரியாவிட்டால் புது மானிட்டர் வாங்கச் சொல்லி யாராவது உங்களை ஏமாற்றக்கூடும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையின் நோய் வேறு, எழுத்தின் நோய் வேறு.

திரை முழுக்க மஞ்சளாகவோ நீலப்பச்சையாகவோ தெரிந்தால் அது திரையின் நோய். பழைய மானிட்டர்களில் நீல முனை கொண்ட கேபிள் இருக்கும். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இணைப்பு அது. மூன்று வரிசையில் 15 ஊசிகள். முதல் ஊசி சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். நீல ஊசி தொடர்பு விட்டால் வெள்ளைத் திரை மஞ்சளாகும். சிவப்பு விட்டால் நீலப்பச்சையாகும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சன்னல் கம்பியைத் தின்கிற உப்புக்காற்று கேபிள் ஊசியை மட்டும் விட்டுவைக்குமா? கழற்றி, துடைத்து, நேராகச் செருகி, இரண்டு திருகையும் இறுக்கினால் பாதி கேஸ் சரியாகிவிடும்.

ஆனால் ஐகான்களும் ஆங்கிலமும் பளிச்சென்று தெரிந்து, தமிழ் மட்டும் குழம்பிக் கிடந்தால் அது எழுத்தின் நோய். கேபிளை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் தீராது. அதன் வேர் தட்டச்சுப் பொறியில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழிகாட்டியவர். 1930-களில் செய்து காட்டினார். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்து. ஒரு பொறியில் இருக்கும் நாற்பத்துச் சொச்சம் விசைகளில் இத்தனையையும் அடைக்க வேண்டும். கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றைத் தனித்தனியாக்கி, அவற்றைச் சேர்த்து அடிக்கும்படி செய்ததால்தான் அது முடிந்தது.

நம் பகுதியில் தெருவுக்கொரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளி முடித்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே போய் இடது கையால் "ய, ள, ன, க, ப" என்று முதல் பாடம் அடித்தீர்கள்! ஹையர் பாஸ் செய்தால் அரசு வேலை என்ற நம்பிக்கை. அந்த விரல் பழக்கம்தான் பிறகு கம்ப்யூட்டருக்குள்ளும் நுழைந்தது.

இடையில் எழுத்தே மாறியது. 1935 முதல் பெரியார் தம் குடி அரசு ஏட்டில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்துகளை, எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் அரசாணையாக்கியது. நாங்கள் சிறு வயதில் எழுதிய 'லை', 'னை', 'ணா', 'றா' எல்லாம் வேறு வடிவம். யானைத் தும்பிக்கை போல மேலே சுழித்த ஐகாரம் ஞாபகம் இருக்கிறதா? நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன காலத்தில் புது வடிவம் வந்துவிட்டது. பழையதில் படித்த நாங்கள் புதியதைச் சொல்லிக்கொடுத்தோம். எழுத்தின் வடிவம் மாறினாலும் மொழி மாறாது என்பதை அன்று கரும்பலகையில் பார்த்தோம். கம்ப்யூட்டர் விஷயத்திலும் அதே பாடம்தான்.

இப்போது கம்ப்யூட்டருக்குள் போவோம். அதற்கு எழுத்து தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' என்றால் அதற்கு 65. அந்த எண்ணுக்கு எந்தப் படம் வரைய வேண்டும் என்று சொல்வது எழுத்துரு, அதாவது ஃபாண்ட். பழைய முறையில் மொத்தம் 256 இடங்கள்தான். முதல் 128-இல் ஆங்கிலமும் எண்களும் குறிகளும் உட்கார்ந்துவிட்டன. மீதி 128-இல் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள்.

தமிழுக்கு இடம்? யாரும் ஒதுக்கவில்லை. நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் வீட்டில் தமிழைக் குடிவைத்தார்கள். 'கே' என்ற எண்ணுக்கு 'ம' படத்தை வரைந்தார்கள். இலங்கைத் தமிழர்களிடம் பெரிதும் பரவிய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டர் உள்ளே எழுதி வைப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் அது 'தமிழ்'. இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பழைய ஃபைலைத் திறந்தபோது அந்தத் தம்பி பார்த்தது இதைப் போன்ற ஒன்றைத்தான்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு மென்பொருள்காரரும் தமிழை வேறு வேறு வீட்டில் குடிவைத்தார். ஒருவரின் 'ம' இன்னொருவரின் 'த'. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் 'வானவில் ஔவையார்' ஊன்றியது. பத்திரிகைகளும் டிடிபி கடைகளும் தத்தமக்கென வேறு எழுத்துருக்களை வைத்துக்கொண்டன. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையை எதிர்க்கடையில் திறக்க முடியாது. ஃபிளாப்பியில் ஃபைலோடு ஃபாண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனவர்கள் புத்திசாலிகள்.

இது வெறும் தொந்தரவு மட்டும் இல்லை. ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். 2000-களின் தொடக்கம். மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி ஒரு சான்றிதழ் வாங்கப் போனாள். மேலே முத்திரை, கீழே கையெழுத்து எல்லாம் ஒழுங்கு. நடுவில் அவளுடைய பெயரும் அப்பா பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அடித்த கம்ப்யூட்டரில் ஃபாண்ட் இருந்தது. பிரிண்டர் மாட்டியிருந்த கம்ப்யூட்டரில் இல்லை. கட்டாக வந்த தாளில் பார்க்காமலே கையெழுத்து விழுந்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா வரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த அலுவலகத்தில் அதை வாங்கவில்லை. மூன்று முறை நடந்தாள். அவளோடு அலைந்த அவள் அம்மாவுக்கு மூன்று நாள் மீன் வியாபாரம் போச்சு.

அப்பா பெயர் ஒரு தாளில் காணாமல் போனால் நம் மாதிரி குடும்பங்களுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு ஃபாண்ட் இல்லாததால் ஒரு வாரக் கூலி போகும். அதனால்தான் இது கம்ப்யூட்டர்காரர்கள் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி அல்ல என்கிறேன்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முன்வந்தவர்களில் ஓர் ஆசிரியரும் உண்டு என்பது எனக்குப் பெருமை. சிங்கப்பூரில் தமிழ் ஆசிரியராகவும் விரிவுரையாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியபோது அதில் தமிழும் தமிழ் எழுத்திலேயே தெரிந்ததற்கு அவருடைய உழைப்பு காரணம். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதிலும் அவர் பங்கு பெரிது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' என்ற எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். அவர் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது. கடல் கடந்து போனவர்களுக்குத்தான் முதலில் இந்த வலி தெரிந்திருக்கிறது. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமே!

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு 'தமிழ்நெட்99' மாநாட்டைக் கூட்டியது. முதல்வர் கருணாநிதி. வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் கல்வியாளர் மு. ஆனந்தகிருஷ்ணன். அங்கிருந்து இரண்டு விஷயம் பிறந்தது. ஒன்று, எல்லாருக்கும் பொதுவான தமிழ்99 விசைப்பலகை. மற்றொன்று 'டாம்', 'டாப்' என்ற பொதுக் குறியீடுகள். 'டாம்' தமிழுக்கு மட்டும், 'டாப்' தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது. அதே காலத்தில் இணையத்தில் எழுதியவர்கள் 'திஸ்கி' என்ற குறியீட்டை மடற்குழுவில் விவாதித்தே உருவாக்கினார்கள். அதிலும் ஆங்கிலம் தன் வீட்டிலேயே இருந்தது, தமிழ் மேல் 128-க்குப் போனது. வருத்தம் என்னவென்றால், சென்னை மாநாடு முடிந்த சில மாதங்களில், அதே 1999-இல், நா. கோவிந்தசாமி காலமானார்.

தமிழ்99 பலகையைப் பற்றி ஒரு சொல். அது தமிழ் இலக்கணம் தெரிந்த பலகை. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளியைத் தானே வைக்கும். 'ம'வுக்குப் பின் 'ஆ' வந்தால் தானே 'மா' ஆக்கும். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோமே, அதேதான்.

ஆனால் 256 வீட்டுக்குள் எப்படிப் பங்கு போட்டாலும் நெருக்கடி தீராது. புதுத் தெருவே போட வேண்டியிருந்தது. அதுதான் யூனிகோடு. தமிழில் ஒருங்குறி என்கிறோம். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு தெரு இருந்தது. இந்திய அரசு 1988-இல் வகுத்த 'இஸ்கி' என்ற குறியீட்டை ஒட்டி அதை அமைத்தார்கள். இனி 'ம' என்றால் உலகில் எந்தக் கம்ப்யூட்டரிலும் 'ம'தான். ஆங்கிலத்தின் வீட்டில் வாடகைக்கு இருக்க வேண்டியதில்லை.

இதற்கும் எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. 247 எழுத்துக்கும் தனி எண் தராமல், 'ம' ஓர் எண், கொம்பு ஓர் எண் என்று உயிர்மெய்யை உடைத்துவிட்டார்களே, அதனால் இடமும் நேரமும் கூடுமே என்றார்கள். இன்றும் தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறி, ஆங்கிலத்துக்கு 160. அந்த 70-இல் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ஒவ்வொரு எழுத்துக்கும் முழு எண் தரும் 'டேஸ்16' என்ற மாற்றுத் திட்டம் உருவானது. ஆனால் ஒருமுறை ஒதுக்கிய எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறிக் கூட்டமைப்பின் உறுதியான விதி. கடைசியில் 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஆணையிட்டது: பொதுத் தரம் ஒருங்குறி, அது சரிவர இயங்காத இடத்தில் டேஸ்16.

ஆணை வந்ததும் மாறிவிட்டதா? இல்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் பல மேசைகளில் பழைய ஃபாண்ட்தான் ஓடியது. ஏன்? பழைய ஃபைல் எல்லாம் அதில் இருந்தது. ஹையர் பாஸ் செய்த விரல்கள் பழைய விசைக்குப் பழகியிருந்தன. கம்ப்யூட்டர்களும் பழையவை. விண்டோஸ் 98-இல் ஒருங்குறித் தமிழுக்குச் சரியான வழி இல்லை. விண்டோஸ் 2000-இல்தான் 'லதா' எழுத்துருவோடு தமிழ் வந்தது. எக்ஸ்பி-யிலும் வழி இருந்தது, ஆனால் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் மொழிப் பகுதியில் ஒரு சின்னப் பெட்டியை டிக் செய்ய வேண்டும். செய்தால் உடனே எக்ஸ்பி சிடியைப் போடச் சொல்லும். எந்த ஆபீஸில் அந்த சிடி பீரோவில் பத்திரமாக இருந்தது? வேலை செய்பவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆணை வந்தது. பயிற்சியும் சிடியும் கூடவே வரவில்லை.

சரி, வரலாறு போதும். இப்போது உங்கள் மேசைக்கு வருவோம். தமிழ் எப்படிக் குழம்பியிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

1. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால்: ஆங்கில வீட்டில் குடியிருந்த பழைய எழுத்துரு. வேர்டில் திறந்து, எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். ஃபாண்ட் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே நிற்கும். அந்தப் பெயர்தான் துப்பு. அந்த ஃபாண்டை நிறுவினால் தமிழ் தெரியும்.

2. தலைக்கு மேல் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால்: பெரும்பாலும் திஸ்கி, டாப் போன்றவை. அந்தக் குறியீட்டுக்கு உரிய மாற்றியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. வெற்றுக் கட்டங்களாக வந்தால்: ஃபைல் நல்ல ஒருங்குறி. வரைந்து காட்டத்தான் எழுத்துரு இல்லை. தொடக்க கால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் இப்படித்தான் தெரிந்தது. சோயாக் கட்டி போல இருப்பதால் உலகம் முழுவதும் இதற்கு 'டோஃபு' என்று செல்லப்பெயர். இனி டோஃபு வேண்டாம் என்றுதான் கூகுள் தன் இலவச எழுத்துருக்களுக்கு 'நோட்டோ' என்று பெயர் வைத்தது. அதை நிறுவுங்கள், கட்டங்கள் மறையும்.

4. கொம்பு இடம் மாறி, புள்ளிவட்டத்தோடு நின்றால்: 'மெ' என்பதில் கண்ணுக்குக் கொம்பு முன்னால், ஆனால் கம்ப்யூட்டருக்குள் 'ம' முன்னால், கொம்பு பின்னால். வரையும்போது இடம் மாற்றித் தர ஒரு மென்பொருள் வேண்டும். பழைய விண்டோஸிலும் சில பட வடிவமைப்பு மென்பொருள்களிலும் அது இருக்காது, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பேனர்களில் கொம்பு தனியே நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, காரணம் இதுதான்.

5. பார்க்க நன்றாக இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை என்றால்: இது கண்ணுக்குத் தெரியாத நோய். 'ஔவை' என்பதற்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. ஸ்ரீ-யையும் இரண்டு விதமாக அடிக்கலாம். பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்று யாராவது சொன்னால், உடனே நம்பாமல் வேறு விதமாகவும் அடித்துத் தேடச் சொல்லுங்கள்.

பழையதை ஒருங்குறிக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. கிழக்கு பதிப்பகத்தாரின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் பலருக்கு உதவியது. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகமும் எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. ஃபைலுக்கு இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும். மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து பெயர், ஊர், முகவரியைச் சரிபார்க்க வேண்டும். மூலத்தை அழிக்கக் கூடாது.

இப்போது நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பரணில், பழைய சிடியில், ஓடாத கம்ப்யூட்டரில், 1990-களிலும் 2000-களிலும் அடித்த தமிழ் ஃபைல்கள் கிடக்கும். கோயில் திருவிழா மலர், சங்கத்தின் ஆண்டறிக்கை, தாத்தா சொல்லச் சொல்ல அடித்த குடும்ப வரலாறு, துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் எழுதிய நினைவுகள். நம் வடசென்னையைப் பற்றி வெளியார் எழுதியது நிறைய. நாமே நம்மைப் பற்றி எழுதியது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் இப்படிப்பட்ட ஃபாண்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. எந்தக் கடையில் எந்த ஃபாண்டில் அடித்தோம் என்று தெரிந்தவர்களுக்கு இப்போது என் வயது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு மாற்றிவிடுங்கள்.

ஓலைச்சுவடிகளைக் கரையானிடமிருந்து மீட்க உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக நடந்தார். நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

யாரிடமாவது அப்படி ஒரு ஃபைல் இருந்தால், எழுத்துருவின் பெயரோடு கீழே எழுதுங்கள். நம்மில் கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் பிள்ளைகள் கைகொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு 'அம்மா' எழுதச் சொல்லிக்கொடுத்த உரிமையில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்